ஸ்கைரிமில் வாளும் கேடயமுமா, பெருவாளா: சேமித்த ஒரே ஆட்டத்தை மூன்றாகப் பிரித்து ஆடிப் பார்த்த பதிவு

ஸ்கைரிம் என்ற வீடியோ கேம் வெளியானது 2011 நவம்பரில். இத்தனை வருடம் கழித்தும் புதிதாக ஒரு கேரக்டரைத் தொடங்கினால் எனக்கு அதே இடத்தில்தான் யோசனை வருகிறது. கிட்டப் போய் மோதுகிற ஆளாக ஆடுவது என்று முடிவாகிவிட்டது, சரி. கையில் எதைக் கொடுப்பது? வாளும் கேடயமுமா, கைக்கொரு ஆயுதமா, இரண்டு கையாலும் பிடித்துச் சுழற்றும் பெருவாளா? இதற்குக் கிடைக்கும் ஆலோசனைகளில் பாதி, எல்லாத் திறனும் 100-ஐத் தொட்ட பிறகு எது அதிகம் அடிக்கும் என்கிற கணக்கு. அந்த நிலைக்கு வந்த ஆளிடம் எதைக் கொடுத்தாலும் ஜெயிப்பான். திறனுக்குக் கூடுதல் பலம் தரும் பர்க்குகளை வாங்க ஒன்றிரண்டு புள்ளிகள் மட்டுமே இருக்கிற ஆரம்ப லெவல்களில், எதிராளி ஆயுதத்தைப் பின்னால் இழுத்து ஓங்குகிற நொடியில், எந்தப் பாணி எனக்கு உருப்படியான ஒரு பதில் அடியைக் கொடுக்கிறது என்பதே எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. அதனால் ஓரிடத்தில் சேமித்த ஒரே சேவிலிருந்து மூன்று கிளை பிரித்து, ஒரே எதிரிகளோடு மோதிப் பார்த்தேன்.

இப்படிச் சோதிக்க ஆள் நடுநிலையானவனாக இருக்க வேண்டும். நாம் தேர்ந்தெடுக்கிற இனங்களில் நார்டுக்குத் தொடக்கத்திலேயே டூ-ஹேண்டடில் (இரு கை ஆயுதத் திறன்) 10 புள்ளி கூடுதல், ரெட்கார்டுக்கு ஒன்-ஹேண்டடில் (ஒரு கை ஆயுதத் திறன்) 10 கூடுதல். ஆர்க்குக்கு ஹெவி ஆர்மர் (கனமான கவசம்), பிளாக் (தடுப்பு) உட்படப் பல சலுகைகள். பிரெட்டனுக்கு மட்டும் கைகலப்புத் திறன் எதிலும் சலுகை கிடையாது. ஒன்-ஹேண்டட், டூ-ஹேண்டட், பிளாக், ஹெவி ஆர்மர் நான்கும் 15-இல் நிற்கும். 25 சதவீத மந்திர எதிர்ப்பு அவனுக்கு உண்டு, ஆனால் அது மூன்று கிளைக்கும் பொதுவாகிவிடும். ஆகவே பிரெட்டன்.

ஆட்டத்தின் கடினத்தை, அதாவது டிஃபிகல்டியை, எக்ஸ்பர்ட்டில் வைத்தேன். வழக்கமான அளவான அடெப்டில் நாம் கொடுக்கிற அடியும் வாங்குகிற அடியும் அப்படியே கணக்காகும். எக்ஸ்பர்ட்டில் நம் அடி முக்கால் பங்காகக் குறைந்து, வாங்குவது ஒன்றரை மடங்காகிறது. தப்பான நேரத்தில் அடி வாங்கினால் அது உறைக்க வேண்டும். இல்லாவிட்டால் பாணிகளுக்குள் வித்தியாசமே தெரியாது. இன்னும் மேலே மாஸ்டரில் நம் அடி பாதி, வாங்குவது இரட்டிப்பு. ஆரம்ப லெவலில் அது வேறு மாதிரி ஆட்டம், ஓடி ஒளிவதே பெரும்பாடாகிவிடும்.

கதை தொடங்குகிற ஹெல்கன் ஊரிலிருந்து தப்பி வந்ததும் ரிவர்வுட் கிராமத்துக்குப் போகிற வழியில் மூன்று கார்டியன் ஸ்டோன்கள் நிற்கும். வாரியர் ஸ்டோனைத் தொட்டேன். சண்டைத் திறன்கள் 20 சதவீதம் வேகமாக ஏறும். ரிவர்வுட்டில் கொல்லர் ஆல்வாரிடம் இரும்புக் கட்டியும் தோல் பட்டையும் வாங்கி, அவருடைய உலையிலேயே இரும்பு வாள் இரண்டு, பெருவாள் ஒன்று, கேடயம் ஒன்று அடித்தேன். இரும்புச் சாமானுக்கு ஸ்மித்திங் பர்க் எதுவும் வேண்டாம். எல்லாமே ஒரே தரத்து இரும்பு என்பதால் ஆயுதத்தின் மதிப்பு குறுக்கே வராது.

அடுத்தது கொஞ்சம் பொறுமை கேட்கிற வேலை. பிளீக் ஃபால்ஸ் பேரோ என்ற பழங்கல்லறையின் முற்பகுதி முழுவதையும் வில்லால் மட்டுமே கடந்தேன். வாளைத் தொட்டால் ஒன்-ஹேண்டட் ஏறும், தடுத்தால் பிளாக் ஏறும்; பிரிக்கும் வரை எதுவும் ஏறக் கூடாது. வழியில் கிடைத்த பர்க் புள்ளிகளையும் செலவழிக்காமல் சேர்த்து வைத்தேன். உள்ளே சாங்க்டம் என்ற பகுதி தனியாக லோடு ஆகும். அதற்குள் காலடி வைத்ததும் ஹார்டு சேவ். அந்த சேவ் ஏன் அங்கே என்றால், அந்தப் பகுதி லோடு ஆகும்போதுதான் எந்த டிராகர் (கல்லறையில் எழுந்து நடமாடும் பிணம்) வரும், அதன் கையில் என்ன இருக்கும் என்பது முடிவாகிறது. வாசலுக்கு வெளியே சேவ் போட்டால் ஒவ்வொரு முறையும் ஆள் மாறிவிடும். உள்ளே போட்டால் மூன்று கிளைக்கும் அதே டிராகர்கள், அதே ஆயுதங்கள்.

எண்களைப் பார்த்துவிடுவோம், சுருக்கமாக. இரும்பு வாளின் அடிப்படை டேமேஜ் 7, போர்க்கோடரி 8, கதாயுதம் 9. வேகம் வாளுக்கு 1 என்றால் கோடரிக்கு 0.9, கதாயுதத்துக்கு 0.8. இரும்புப் பெருவாள் 15, இரு கைக் கோடரி 16, சம்மட்டி 18. எட்டும் தூரம் ஒரு கை ஆயுதங்களுக்கு 1 என்றால் இரு கை ஆயுதங்களுக்கு 1.3. டேமேஜ் எண்ணைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். என்னைக் கேட்டால் இந்தக் கடைசி எண்ணுக்குத்தான் மதிப்பு அதிகம். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதல் கிளையில் கைக்கொரு வாள். ஒரு கை ஆயுத அடியைக் கூட்டும் ஆர்ம்ஸ்மேன் ஒன்று, கனமான கவசத்தைப் பலப்படுத்தும் ஜக்கர்நாட் ஒன்று எடுத்தேன். ஒற்றை டிராகர் வந்தால் இதை மிஞ்ச ஒன்றுமில்லை. இரண்டு பட்டனையும் சேர்த்துப் பிடித்தால் வருகிற பவர் அட்டாக் (தெம்பைச் செலவழித்துப் போடும் பலத்த அடி) மூன்று வெட்டாக விழுகிறது, சாதாரண டிராகர் அதற்குமேல் நிற்பதில்லை. ஆனால் இடது பட்டன் இப்போது இடது கை வாளுக்குப் போய்விட்டது. தடுப்பதற்குப் பட்டனே இல்லை. ஆகவே எதிராளி ஓங்கும்போது செய்யக்கூடியது பின்னால் நகர்வது மட்டும்தான். ஸ்கைரிமில் பின்னால் நகர்வது முன்னால் ஓடுவதைவிட மெதுவானது, பெருவாள் வைத்திருக்கிற டிராகரின் வீச்சு நம்மைவிட நீளமானது. இரண்டு டிராகர் சேர்ந்து வந்தபோது ஒன்றை வெட்டி முடிப்பதற்குள் மற்றொன்றின் அடி முழுசாக விழுந்தது. இந்தப் பாணிக்குப் பதில் இல்லாமல் இல்லை. அன்ரிலென்டிங் ஃபோர்ஸ் என்ற ஷவுட்டின் (கத்திச் சொல்லும் மந்திரத்தின்) முதல் சொல்லான ‘ஃபுஸ்’ எதிராளியைத் தடுமாற வைக்கும், ஓங்கிய கையும் நின்றுபோகும். ஆனால் மறுபடி கத்த 15 விநாடி காத்திருக்க வேண்டும், அந்தச் சொல்லைத் திறப்பதற்கு முதலில் ஒரு டிராகனைக் கொன்று அதன் ஆன்மா வேண்டும்.

இரண்டாவது கிளை, வாளும் கேடயமும். ஆர்ம்ஸ்மேன் ஒன்று, தடுப்பை 20 சதவீதம் கூட்டும் ஷீல்டு வால் ஒன்று. இங்கேதான் சண்டை எப்படி ஓடுகிறது என்பது தெளிவாகத் தெரியும், புதிதாக ஆடுகிறவர்களுக்கு நான் இதையே சொல்வேன். சாதாரண வெட்டுகளைக் கேடயத்தில் வாங்கலாம். பவர் அட்டாக்கை மட்டும் வெறுமனே கேடயத்தில் வாங்கக் கூடாது, ஆள் தடுமாறிவிடுவான், அடுத்த வெட்டு உடம்பில் விழும். அதற்கு மருந்து பேஷ்: தடுத்துக்கொண்டிருக்கும்போதே அடிக்கிற பட்டனைத் தட்டினால் கேடயத்தால் இடித்துத் தள்ளுவான். டிராகர் பவர் அட்டாக்குக்கு ஆயுதத்தைப் பின்னால் இழுத்து ஒரு கணம் நிற்கும், தோள் திரும்பும். அந்தத் தோள் திரும்பும்போது பேஷ் கொடுத்தால் ஓங்கிய அடி அப்படியே ரத்தாகி, அது பின்னால் சாயும். சாய்ந்து நிமிர்வதற்குள் நமக்கு ஒரு பவர் அட்டாக்குக்கு நேரம் இருக்கிறது.

சிக்கல் அந்தப் பவர் அட்டாக்கில்தான். 7 டேமேஜ் வாளால், எக்ஸ்பர்ட்டின் முக்கால் கணக்கில், கிடைத்த நல்ல இடைவெளியில் போட்ட அடி டிராகரின் உயிர்க்கோட்டில் கொஞ்சம்தான் குறைத்தது. மறுபடி காத்திருந்து, மறுபடி பேஷ், மறுபடி ஒரு வெட்டு. பேஷுக்கும் பவர் அட்டாக்குக்கும் ஒரே ஸ்டாமினாவிலிருந்துதான் (உடல் தெம்பிலிருந்துதான்) செலவு, தொடக்கத்தில் அது 100 மட்டுமே. பாதுகாப்பான ஆட்டம், சாக மாட்டோம், ஆனால் ஸ்டாமினா பெரும்பாலும் பேஷிலேயே தீர்ந்து சண்டை இழுத்துக்கொண்டே போகிறது. கதாயுதம் எடுத்திருந்தால் கொஞ்சம் பரவாயில்லை. அதற்கான போன் பிரேக்கர் பர்க் முதல் படியிலேயே எதிராளியின் கவசத்தில் 25 சதவீதத்தைக் கணக்கில் எடுக்காது. ஆனால் அது திறன் 30-ஐத் தொட்ட பிறகுதான் திறக்கும்.

மூன்றாவது கிளையில் பெருவாள். இதில்தான் அதிக நேரம் செலவிட்டேன், பதிவின் முக்கியமான பகுதியும் இதுதான்.

இரு கை ஆயுதம் என்றாலே தடுப்பை மறந்துவிட்டு அடிக்கிற பாணி என்று ஒரு எண்ணம் பரவலாக இருக்கிறது. அது உண்மையில்லை. கையில் பெருவாள் இருக்கும்போதும் இடது பட்டன் பிளாக்தான். வாளைக் குறுக்கே பிடித்துத் தடுப்பான், அந்த நிலையிலிருந்து பேஷும் கொடுப்பான். தடுப்பு கேடயம் அளவுக்கு வராது, ஆனால் ஓங்கிய கையை நிறுத்துகிற வேலையை பேஷ் அதே மாதிரி செய்கிறது. பிளாக் மரத்தில் இருக்கிற பர்க்குகளிலும் பல, கேடயம் இல்லாமலே வேலை செய்கின்றன. ஷீல்டு வால் என்று பெயர் இருந்தாலும் அது ஆயுதத்தால் தடுக்கும்போதும் உதவும். 30-இல் வருகிற குவிக் ரிஃப்ளெக்சஸும் பவர் பேஷும் அப்படியே. அம்பைத் தடுக்கிற டிஃப்ளெக்ட் ஆரோஸ், நெருப்பு, பனி, மின்னல் தாக்குதலைப் பாதியாகக் குறைக்கிற எலிமென்டல் புரொடெக்‌ஷன் போன்றவைதான் கேடயம் இருந்தால் மட்டும் என்ற கணக்கில் வருபவை.

அதனால் இரு கை ஆயுத அடியைக் கூட்டும் பார்பேரியன் ஒன்று, ஷீல்டு வால் ஒன்று என்று எடுத்து அதே டிராகர்கள் முன்னால் நின்றேன். அது நெருங்கும்போது நான் நின்ற இடத்திலிருந்தே முதல் வெட்டு. 1.3 எட்டும் தூரத்தின் பயன் இங்கே: ஒரு கை ஆயுதம் வைத்திருக்கிற டிராகர் தன் வெட்டைத் தொடங்கும் முன் என் வாள் அதைத் தொட்டுவிடும். வெட்டியதும் அரை அடி பின்னால், அது முன்னே வரும், மறுபடி வெட்டு. சாதாரண வெட்டுகளுக்கு இந்த விளையாட்டில் ஸ்டாமினா செலவு கிடையாது, இதை மறக்கக் கூடாது. இப்படி ஆடும்போது ஸ்டாமினா தொடப்படாமல் நிரம்பியே இருக்கும். அப்புறம் அது தோளைத் திருப்பி ஓங்கும். உடனே பிளாக், பேஷ். டிராகர் பின்னால் சாயும். அந்த இடைவெளியில் விழுகிற பவர் அட்டாக் 7-இலிருந்து கணக்காவதில்லை, 15-இலிருந்து கணக்காகிறது. கேடயக் கிளையில் இரண்டு மூன்று சுற்று பிடித்த அதே டிராகர் இங்கே ஒரே சுற்றில் விழுந்தது.

குறை இல்லாமல் இல்லை. பெருவாளால் பவர் அட்டாக் தொடங்கிவிட்டால் நடுவில் நிறுத்த முடியாது. பக்கத்தில் இன்னொரு டிராகர் ஓங்கிக்கொண்டிருந்தால் அதன் அடியை வாங்கியே தீர வேண்டும். ஆகவே இரண்டு பேர் வந்தால் பவர் அட்டாக்கை விட்டுவிட்டு, சாதாரண வெட்டும் பேஷுமாக ஆடி, இருவரையும் ஒரே கோட்டில் கொண்டுவர வேண்டும். கேடயக் கிளையில் இந்தக் கவலை கிடையாது.

சுவரில் சொல் எழுதியிருக்கும் கடைசி அறையில், சவப்பெட்டி மூடியைத் தள்ளிக்கொண்டு எழும் டிராகரோடும் மூன்று கிளையிலும் மோதினேன். மூடி திறந்து அது எழுந்து இறங்கும் நேரம் எல்லாப் பாணிக்கும் இலவச அடிதான். அந்த இலவச நேரத்தில் அதிகம் கறந்தது கைக்கொரு வாள். அது முழுசாக எழுந்து நின்ற பிறகு நிதானமாக ஜெயித்தது பெருவாள்.

டிராகரை மட்டும் வைத்து முடிவெடுக்க எனக்கு மனம் வரவில்லை. அடுத்து வைட்ரன் நகருக்குக் கிழக்கே வைட் நதியின் குறுக்கே நிற்கும் வால்த்தைம் டவர்ஸ். வழிப்பறிக்காரர்கள் இரண்டு கோபுரத்திலும் இருப்பார்கள், மேலே வில்லாளர்கள். இங்கே கேடயம்தான் சிறந்தது, சந்தேகமே இல்லை. நதிக்கரைச் சாலையில் நெருங்கும்போதே அம்பு வர ஆரம்பிக்கிறது. பெருவாள்காரன் ஒவ்வொரு அம்பையும் கவசத்தில் வாங்கிக்கொண்டு ஓட வேண்டும். கைக்கொரு வாள் ஏந்தியவனுக்கும் அதே கதி. ஆனால் கோபுரத்துக்குள் நுழைந்து குறுகலான பாலத்துக்கு வந்ததும் நிலைமை மாறியது. ஆள்கள் ஒருவர் பின் ஒருவராகத்தான் வர முடியும், இரண்டு பேர் சுற்றி வளைக்கும் சிக்கல் தானாகவே தீர்ந்தது. பெருவாளுக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது. அதிலிருந்து ஒரு பழக்கம் எடுத்துக்கொண்டேன்: கூட்டமாக வந்தால் வாசல் நிலையிலோ படிக்கட்டிலோ போய் நிற்பது, தூரத்தில் வில்லாளர் இருந்தால் முதலில் வில்லை எடுத்து அவரை முடிப்பது.

இவ்வளவுக்குப் பிறகு பெருவாளும் பிளாக்கும் என்று முடிவு செய்து அந்தக் கிளையை மட்டும் வைத்துக்கொண்டேன். எனக்கு ஓங்கும் கையைப் பார்த்துப் பதில் சொல்கிற ஆட்டம் பிடிக்கிறது, கிடைத்த ஒரு இடைவெளியில் பெரிதாக அடிக்கவும் பிடிக்கிறது. இரண்டும் சேர்ந்து இருப்பது இங்கேதான். எதிராளி ஓங்குவதற்கு முன்பே அவரை முடித்துவிட வேண்டும் என்ற அவசரம் உள்ளவர்கள் கைக்கொரு வாளுக்குப் போகலாம். 30-இல் டூயல் ஃப்ளரி வந்ததும் வேகம் 20 சதவீதம் கூடும், அடுத்த படியில் 35.

திறனை ஏற்ற வைட்ரனில் கம்பேனியன்ஸ் என்ற போர்வீரர் குழுவின் கூடமான ஜோர்வாஸ்கர் போதும். கம்பேனியன்ஸில் சேர்ந்துவிட்டால் டூ-ஹேண்டட் சொல்லித்தர வில்காஸ், பிளாக் சொல்லித்தர நியாடா, ஹெவி ஆர்மருக்கு ஃபார்காஸ் என மூன்று பேரும் ஒரே கூரையின் கீழ் இருக்கிறார்கள். ஒவ்வொரு லெவலுக்கும் மொத்தம் ஐந்து பாடம்தான் வாங்க முடியும், எல்லாத் திறனுக்கும் சேர்த்து. அந்த ஐந்தையும் நான் பிளாக்குக்கே கொடுத்தேன். டூ-ஹேண்டட் சண்டையிலேயே தானாக ஏறுகிறது. பிளாக் அடியைத் தடுத்து வாங்கினால்தான் நன்றாக ஏறும், பெருவாள்காரன் அடி வாங்குவதைவிட ஓங்கிய கையை நிறுத்துவதே அதிகம். எனவே அது பின்தங்கிவிடும். அங்கேயே ஸ்கைஃபோர்ஜ் உலையில் கொல்லர் எயோர்லுண்டிடம் ஸ்கைஃபோர்ஜ் ஸ்டீல் பெருவாள் கிடைக்கும். சாதாரண ஸ்டீல் பெருவாளின் அடிப்படை டேமேஜ் 17, இதற்கு 20. ஆரம்ப லெவலில் இந்த மூன்று புள்ளி நன்றாகவே தெரிகிறது.

குவிக் ரிஃப்ளெக்சஸ் வந்த பிறகு ஆட்டம் இன்னொரு கட்டத்துக்குப் போனது. நாம் தடுத்துக்கொண்டிருக்கும்போது எதிராளி பவர் அட்டாக் தொடங்கினால் காலம் மெதுவாகிறது. பேஷ் கொடுக்கவும், பக்கவாட்டில் ஒதுங்கவும், ஒதுங்கியபடியே அடிக்கவும் நேரம் கிடைக்கிறது. இந்தப் பர்க்கைக் கேடயக்காரர்களுக்கானது என்று தள்ளிவிடுகிற பெருவாள்காரர்கள் மறுபடி யோசிக்க வேண்டும் என்பது என் வலுவான கருத்து. இதன் பயன் முழுவதும் கனமான ஆயுதத்தில்தான் வெளிப்படுகிறது.

ஸ்டாமினாவுக்கு ஒரு கைமருந்து உண்டு. முட்டைக்கோஸ், லீக், உருளைக்கிழங்கு, தக்காளி நான்கையும் சமையல் பானையில் போட்டால் வெஜிடபிள் சூப். 720 விநாடிக்கு, விநாடிக்கு ஒரு புள்ளி உயிரும் ஒரு புள்ளி ஸ்டாமினாவும் தரும். பார்த்தால் அற்பமான எண். ஆனால் பவர் அட்டாக் போட ஸ்டாமினா முழுசாக இருக்க வேண்டும் என்று இந்த விளையாட்டில் கட்டாயம் இல்லை, பூஜ்யத்துக்கு மேலே இருந்தால் போதும். விநாடிக்கு ஒரு புள்ளி வந்துகொண்டே இருந்தால் பவர் அட்டாக்கும் வந்துகொண்டே இருக்கும். இதனால் லெவல் ஏறும்போது கிடைக்கும் 10 புள்ளியை நான் பெரும்பாலும் உயிருக்கே கொடுத்தேன்.

பெருவாளில் பின்னால் வரப்போகிற இழப்பையும் சொல்லிவிட வேண்டும். கேடயம் இல்லாததால் ஒரு மந்திரச் சாமானுக்கான இடம் குறைகிறது. கவசத்தால் குறையும் சேதத்துக்கு உச்சவரம்பு 80 சதவீதம். அதைத் தொட நான்கு கவசத் துண்டுகளோடு 567 கவசப் புள்ளி வேண்டும். கேடயக்காரனுக்கு 542 போதும், அந்தக் கணக்கில் கேடயத்தின் புள்ளியும் சேரும். டிராகன் மூச்சுக்கு முன்னால் எலிமென்டல் புரொடெக்‌ஷன் இல்லாமல் நிற்க வேண்டியிருக்கும். பாறைக்குப் பின்னால் ஒதுங்கி, அது தரையிறங்கும்வரை காத்திருக்கப் பழக வேண்டும்.

மனம் மாறினால் வழி இருக்கிறது. 2013-இல் வந்த 1.9 பேட்ச்சுக்குப் பிறகு, 100-ஐத் தொட்ட எந்தத் திறனையும் லெஜண்டரி ஆக்கினால் அது 15-க்கு இறங்கி, போட்ட பர்க் புள்ளிகள் திரும்பக் கிடைக்கும். டிராகன்பார்ன் விரிவாக்கத்தின் கதையை முடித்தவர்கள், ஒரு மரத்துக்கு ஒரு டிராகன் ஆன்மா கொடுத்து, திறன் இறங்காமலே புள்ளிகளை மீட்கலாம். ஒன்-ஹேண்டடிலும் டூ-ஹேண்டடிலும் பாதிப் பாதி புள்ளி போடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

நான் பர்க் எடுத்த வரிசை: பார்பேரியன் முதல் படி, ஷீல்டு வால், டூ-ஹேண்டட் 20-ஐத் தொட்டதும் பவர் அட்டாக்கின் ஸ்டாமினா செலவைக் கால் பங்கு குறைக்கும் சாம்பியன்ஸ் ஸ்டான்ஸ், கூடவே பார்பேரியன் இரண்டாம் படி. பிளாக் 30-இல் குவிக் ரிஃப்ளெக்சஸ், டூ-ஹேண்டட் 30-இல் பெருவாளுக்கான டீப் வூண்ட்ஸ். ஜக்கர்நாட்டை நடுநடுவே, உடம்பு தாங்கவில்லை என்று தோன்றியபோது. அடுத்து டூ-ஹேண்டட் 70-இல் திறக்கும் ஸ்வீப்புக்காகப் புள்ளி சேர்த்துக்கொண்டிருக்கிறேன். பக்கவாட்டில் நகர்ந்தபடி போடும் பவர் அட்டாக் எதிரே நிற்கிற எல்லோர் மேலும் விழும் என்பதால், இரண்டு பேர் சேர்ந்து வரும்போது வருகிற அந்தத் தலைவலி அதில் தீர வேண்டும். அதுவரை ஹாட்கீ 1-இல் பெருவாள், 2-இல் வில்.